காரைக்காலில் மனை, வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

கடற்கரை பக்கத்துல, திருநள்ளாறு 10 நிமிஷம், என்ஐடி இருக்கு, ஜிப்மர் கிளை இருக்கு, ரயில் வரப்போகுது... காரைக்கால் மனை விளம்பரங்களில் இதெல்லாம் தவறாமல் இருக்கும். சென்னை, திருச்சி, கும்பகோணம், வெளிநாடு என எங்கெங்கோ இருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் போன் போடுகிறார்கள். ஊரை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் காரைக்கால் மற்ற டெல்டா ஊர்களைப் போன்றது அல்ல. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் வீடு வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரிந்த பாதி விஷயம் இங்கே செல்லாது. அதோடு காவிரிக் கடைமடை, கடலோரம் என்பதால் மண்ணும் தண்ணீரும் தெருவுக்குத் தெரு மாறும்.

தெரியாத ஊரில் வாங்கும் முன் என்னென்ன விசாரிக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: மனை உண்மையிலேயே காரைக்காலில்தான் இருக்கா?

கேட்கவே வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதுதான் முதல் கேள்வி.

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே பூவத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதாவது நாகப்பட்டினம் மாவட்டம். எல்லையை ஒட்டிய மனைகளை 'காரைக்கால் அருகில்' என்று விளம்பரப்படுத்துவது சகஜம். மனை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

காரைக்கால் பக்கம் என்றால்:

• பத்திரப்பதிவு புதுச்சேரி அரசின் சார்பதிவாளர் அலுவலகத்தில். முத்திரைத்தாள் கட்டணம், வழிகாட்டி மதிப்பு இரண்டுமே தமிழ்நாட்டில் இருந்து வேறு.
• வில்லங்கச் சான்று தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்காது. புதுச்சேரி பதிவுத்துறையில்தான் வாங்கணும்.
• நில ஆவணங்களுக்குத் தமிழ்நாட்டின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவை உதவாது. புதுச்சேரி நில அளவைத் துறையின் 'நிலமகள்' பதிவுகளைப் பார்க்கணும்.
• கோயில் நிலமா என்று விசாரிக்க, தமிழ்நாட்டு அறநிலையத்துறை அல்ல. புதுச்சேரி அரசின் இந்து சமய நிறுவனங்கள் துறை.
• மின்சாரம் புதுச்சேரி மின்துறை.

எனவே புரோக்கரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. வருவாய் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், எந்தக் கொம்யூன் பஞ்சாயத்து அல்லது நகராட்சி என்பதுதான். காரைக்காலில் ஒரு நகராட்சியும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. இந்த விவரங்களைச் சொல்லத் தயங்கினால், அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று. இங்கே வீடு வாங்கிய உடனே புதுச்சேரி வாசி என்ற சலுகை கிடைத்துவிடாது. பிள்ளைகளின் கல்லூரி இடஒதுக்கீட்டுக்காக வாங்குகிறோம் என்பவர்கள், குடியிருப்புச் சான்றுக்குப் பல ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும் என்பதை மனதில் வைக்கணும்.

'டிடிசிபி அப்ரூவ்டு'ன்னு போட்டிருக்கே, போதாதா?

டிடிசிபி என்பது தமிழ்நாட்டில் புழங்கும் பெயர். காரைக்கால் மனைக்கு அனுமதி தருவது புதுச்சேரி அரசின் நகர மற்றும் கிராம அமைப்புத் துறையும், அதன் கீழ் வரும் காரைக்கால் திட்டக் குழுமமும். விளம்பரத்தில் டிடிசிபி என்று இருந்தால் இரண்டு வாய்ப்பு: மனை தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது, அல்லது பழக்கத்தில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். எதுவானாலும் அனுமதி எண்ணை வாங்கி, திட்டக் குழும அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

ரேரா விஷயமும் இப்படித்தான். தமிழ்நாடு ரேரா காரைக்காலுக்குப் பொருந்தாது. புதுச்சேரிக்குத் தனி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. 2016ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் லேஅவுட்டும், 8 வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்குமாடித் திட்டமும் பதிவு செய்திருக்க வேண்டும். அதே சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'இன்னைக்கே பாதி கொடுத்தா ரேட் குறையும்' என்று சொன்னால், அது எச்சரிக்கை மணி.

யாருடைய நிலம்? கோவில்பத்து வழக்கு சொல்லும் பாடம்

2024இல் காரைக்காலை உலுக்கிய வழக்கு இது. கோவில்பத்து பகுதியில் பார்வதீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தமான நிலத்தை, போலி ஆவணங்கள் தயாரித்து மனைகளாக்கி விற்க முயன்றதாகப் புகார் எழுந்தது. வருவாய்த்துறையின் உயர் அதிகாரி ஒருவர் உட்படப் பலர் கைது செய்யப்பட்டார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

ஆனால் வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. அரசு முத்திரை, அதிகாரி கையெழுத்து, வரைபடம் எல்லாம் கையில் காட்டப்பட்டாலும், அது அசல்தானா என்பது தனிக் கேள்வி. புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸை வைத்து முடிவு எடுக்காதீங்க. ஒவ்வொரு ஆவணத்தின் சான்றிட்ட நகலையும் நீங்களே, அல்லது உங்கள் வக்கீல், அந்தந்த அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கணும்.

காரைக்கால் கோயில்கள் நிறைந்த ஊர். பள்ளிவாசல், தர்கா, தேவாலயச் சொத்துகளும் உண்டு. எனவே சர்வே எண்ணைக் கொண்டு இவற்றை விசாரிக்கணும்:

• இந்து சமய நிறுவனங்கள் துறையின் சொத்துப் பட்டியலில் இருக்கா?
• வக்ஃபு சொத்தா?
• அரசுப் புறம்போக்கு, வாய்க்கால், குளம் என்று பதிவாகியிருக்கா?
• இலவச மனைப்பட்டாவாகவோ, சுனாமிக் குடியிருப்பாகவோ ஒதுக்கப்பட்டதா? இவற்றில் வழக்கமாக விற்பனைக்கு நிபந்தனை இருக்கும். ஒதுக்கீட்டு ஆணையைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

பட்டா இருக்கு, பத்திரம் பதிவாகியிருக்கு என்பது மட்டும் உரிமைக்கு உத்தரவாதம் இல்லை. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்றும், தாய்ப் பத்திரத்தில் இருந்து இன்று வரையான தொடர்ச்சியும் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரம் வந்தால்?

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சு வசம் வந்த பகுதி. நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இதன் தடம் இன்றும் சொத்து ஆவணங்களில் இருக்கு.

பழைய தாய்ப் பத்திரம் பிரெஞ்சு மொழியில், நோத்தேர் முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். 'பழசு சார், அது வேண்டாம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. மொழிபெயர்த்து, புதுச்சேரி சொத்துச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டணும். வேறு மாவட்டத்து வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த இடத்தில் உள்ளூர் அனுபவம் தேவை.

பிரெஞ்சு குடியுரிமையோடு பிரான்ஸில் வசிக்கும் காரைக்கால் குடும்பங்கள் உண்டு. தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்கு இங்கே இரண்டு வாரிசு, பாரிஸில் மூன்று வாரிசு இருக்கலாம். இங்கே இருப்பவர் மட்டும் விற்றால், பிறகு வழக்கு வரும்.

பவர் மூலம் விற்கிறார்கள் என்றால் இதைப் பாருங்கள்:

• பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? இறந்துவிட்டால் பொதுவாகப் பவர் செல்லாது.
• வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால், இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா?
• பவரில் விற்கும் அதிகாரம் இருக்கா, பராமரிக்கும் அதிகாரம் மட்டுமா?
• முடிந்தால் பவர் கொடுத்தவரோடு வீடியோ காலில் பேசுங்கள்.

வரி விஷயமும் உண்டு. 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. பிடிக்க வேண்டிய வரி அதிகம், 50 லட்ச வரம்பும் கிடையாது. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

குழி, சென்ட், ஆர்: அளவில் ஏமாறாதீங்க

டெல்டாவில் பெரியவர்கள் குழி, மா, வேலி என்றுதான் பேசுவார்கள். தஞ்சைப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆனால் குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். புரோக்கர் சென்ட் கணக்கிலும், விளம்பரம் சதுர அடியிலும் பேசும்.

புதுச்சேரி நிலப் பதிவுகளில் இருப்பதோ ஹெக்டேர், ஆர், சென்டியார். ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர், அதாவது சுமார் 10.76 சதுர அடி. 100 சென்டியார் ஒரு ஆர். 100 ஆர் ஒரு ஹெக்டேர்.

உதாரணமாக, பதிவில் 1 ஆர் 50 சென்டியார் என்று இருந்தால் 150 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 1,615. இதையே '1,800 சதுர அடி மனை' என்று விற்றால், 185 சதுர அடிக்கு நீங்கள் சும்மா பணம் கொடுக்கிறீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, புலப்படத்தோடு ஒப்பிட்ட பிறகு விலை பேசுங்கள்.

தண்ணீர்: நிற்கிற தண்ணியும் பார்க்கணும், குடிக்கிற தண்ணியும் பார்க்கணும்

அரசலாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு, வாஞ்சியாறு என்று காவிரியின் கிளைகள் கடலில் கலக்கும் இடம் காரைக்கால். மேலே இருந்து வரும் தண்ணீர் எல்லாம் இந்த வழியாகத்தான் வடியணும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடலும் கொந்தளிப்பாக இருந்தால் ஆற்றுத் தண்ணீர் வேகமாக உள்வாங்காது. தாழ்வான பகுதியில் தேங்கும்.

புது நகர்கள் பல ஒரு காலத்தில் நஞ்சை வயல். வயலுக்குத் தண்ணீர் வந்த வாய்க்காலும், வெளியேறிய வடிகாலும் லேஅவுட் போட்டபோது என்ன ஆனது என்பதே முக்கியக் கேள்வி. பழைய புலப்படத்தில் வாய்க்கால் இருக்கும், இடத்தில் தார் ரோடு இருக்கும். அப்படி இருந்தால் மழைக்கு அந்த ரோடுதான் வாய்க்கால்.

கோடையில் போய் மனை பார்க்காதீங்க. போனாலும் மழைக்காலத்தில் இன்னொரு முறை போங்க. அது முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: 2018 நவம்பரில் கஜா வந்தப்போ இங்கே எத்தனை நாள் கரண்ட் இல்லை? 2020இல் நிவர், புரெவி மழையில் தண்ணீர் எங்கே வரை வந்தது? பழைய வீட்டுச் சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கு என்பதையும் கவனிங்க.

மண் அடித்து மேடாக்கிய மனை என்றால், எப்போது அடித்தது, கீழே களிமண் எவ்வளவு ஆழம் என்று மண் பரிசோதனை செய்வது அவசியம். அஸ்திவாரச் செலவே லட்சக்கணக்கில் மாறும்.

குடிநீரை இன்னும் கவனமாகப் பார்க்கணும். 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. எனவே மனையைப் பார்க்கப் போகும்போது:

• குடிநீர்க் குழாய் எந்த வழியாக வருது, சாக்கடையை ஒட்டியா?
• தண்ணீர் தினமும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருது?
• பாதாளச் சாக்கடை இருக்கா, ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்கா?
• பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா?

பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. கடலோரத்தில் இந்த எண் தெருவுக்குத் தெரு மாறும்.

கடற்கரையை ஒட்டி வாங்கலாமா?

2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கடலோரத்தைச் சிதைத்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ கிராமங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

இன்று கடலோரத்தில் கட்ட வேண்டும் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகள் பொருந்தும். கடல் மட்டுமல்ல, அலை ஏறி இறங்கும் ஆற்று முகத்துவாரக் கரைகளுக்கும் பொருந்தும். அதாவது, 'கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கு' என்பதால் அரசலாற்றங்கரை மனைக்கு விதி இல்லை என்று நினைக்கக் கூடாது.

மனை உங்களுடையதாக இருந்தும் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதைப் புதுச்சேரி கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ்.

பூமிக்கு அடியில் குழாய், காற்றில் தூசி

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஓஎன்ஜிசி-யின் அலுவலகம் இருப்பது நிரவியில். திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயு மின் நிலையம் இருக்கு. இந்தப் பகுதியில் நிலத்துக்கு அடியில் குழாய்கள் போகின்றன. 1962ஆம் ஆண்டு குழாய்ப் பாதைச் சட்டப்படி, நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருந்தாலும், குழாய்ப் பாதையின் மேல் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. இது வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். வயலோரம் எச்சரிக்கைக் கல், பலகை இருக்கா என்று நடந்து பாருங்கள்.

அதேபோல, தமிழ்நாட்டில் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காரைக்காலில் செல்லாது. சுற்றிலும் இருக்கும் டெல்டா மாவட்டங்களின் பாதுகாப்பு இங்கேயும் இருக்கும் என்று நினைத்து, பச்சை வயலைப் பார்த்து வாங்காதீங்க. எதிரே உள்ள நிலம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பா, தொழிற்சாலையா, விவசாயமா என்று கேட்கணும்.

தெற்கே வாஞ்சூரில் 2009இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம் நிலக்கரி கையாள்வது. தூசி பற்றி நாகூர்ப் பக்க மக்கள் நீண்ட காலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். அந்தப் பக்கம் வாங்குபவர்கள் காற்று வீசும் திசையைப் பார்த்து, இரண்டு மூன்று வீட்டு மாடிகளில் ஏறி, தரையை விரலால் தொட்டுப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

'வரப்போகுது'ன்னு சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

காரைக்கால் பசுமை விமான நிலையத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒப்புதலைக் காட்டி அப்போது மனை வாங்கியவர்களுக்கு விமானச் சத்தம் கேட்கவில்லை.

ரயில் கதை வேறு மாதிரி. காரைக்கால்–பேரளம் பாதை 1980களில் மூடப்பட்டது. மீண்டும் 23 கிலோமீட்டர் அகலப் பாதையாக அமைக்கப்பட்டு, 2025இல் சோதனை ஓட்டம் நடந்தது. வந்தது, ஆனால் ஒரு தலைமுறை காத்திருந்த பிறகு வந்தது.

எனவே அறிவிப்புக்கு விலை கொடுக்காதீங்க. இன்று இருக்கும் ரோடு, இன்று ஓடும் பஸ், இன்று வரும் தண்ணீர் இவற்றுக்கு மட்டும் விலை போடுங்கள். நாளை வருவது லாபம். நெடுஞ்சாலை விரிவாக்கம் வருகிறது என்றால், உங்கள் சர்வே எண்ணே கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நேரில் போனால் எப்போது, எங்கே, யாரிடம் கேட்பது?

ஒரு முறை காரில் சுற்றினால் ஊர் தெரியாது. குறைந்தது மூன்று முறை போங்க.

காலை 6 மணிக்கு: தண்ணீர் வரும் நேரம். தெருக்குழாயில் நிற்பவர்களிடம் பேசலாம். டீக்கடையில் 10 நிமிஷம் உட்கார்ந்தால் எந்த மனைக்கு வழக்கு இருக்கு என்பதே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை: திருநள்ளாறு சாலையில் வாங்குகிறீர்கள் என்றால் சனிக்கிழமை போங்க. சனீஸ்வரன் கோயிலுக்கு வரும் கூட்டம் அன்றுதான் தெரியும். சனிப்பெயர்ச்சி நாளில் அது பல மடங்கு. வாடகைக்கு விட நல்லது, தினமும் ஆபீஸ் போக கஷ்டம்.

இரவு 8 மணிக்கு: தெருவிளக்கு எரியுதா, பஸ் இருக்கா என்று பாருங்கள். எல்லையோர ஊர்களில் மதுக்கடைகள் அதிகம். பகலில் அமைதியாகத் தெரியும் தெரு மாலைக்குப் பிறகு எப்படி இருக்கு என்பது பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பத்துக்கு முக்கியம்.

லைன்மேன், தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், கொம்யூன் அலுவலக ஊழியர் ஆகியோருக்கு விற்பனையில் லாபம் இல்லை. அதனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். இரண்டு மாதம் அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பார்க்க முடிந்தால், அதைவிடச் சிறந்த விசாரணை இல்லை.

கடைசியாக ஒரு செக்லிஸ்ட்

1. கிராமம், சர்வே எண், கொம்யூன் உறுதியாச்சா?
2. புதுச்சேரி பதிவுத்துறையில் 30 ஆண்டு வில்லங்கம் எடுத்தாச்சா?
3. நில அளவைத் துறை நகலும் அளவும் ஒத்துப்போகுதா?
4. கோயில், வக்ஃபு, புறம்போக்கு இல்லை என்பது உறுதியா?
5. வாரிசுகள் எல்லோரும், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட, கையெழுத்துப் போடுகிறார்களா?
6. திட்டக் குழும அனுமதி எண்ணும், தேவைப்பட்டால் புதுச்சேரி ரேரா எண்ணும் சரிபார்த்தாச்சா?
7. கடலோர மண்டலம், குழாய்ப் பாதை பார்த்தாச்சா?
8. மழைக்காலத்தில் இடத்தைப் பார்த்தாச்சா? தண்ணீர் பரிசோதனை முடிந்ததா?

எட்டுக்கும் 'ஆமா' வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதையும் வங்கி மூலம் கொடுங்கள். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்றுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பணம் போன கணக்கின் பெயரும் பத்திரத்தில் உள்ள உரிமையாளர் பெயரும் ஒன்றாக இருக்கணும்.

இதற்கெல்லாம் ஒன்றிரண்டு மாதம் ஆகும், சில ஆயிரம் செலவாகும். அதுக்குள்ள மனை போயிடும்னு புரோக்கர் அவசரப்படுத்தலாம். போனால் போகட்டும். காரைக்காலில் மனை மறுபடியும் கிடைக்கும், இருபது வருஷச் சேமிப்பு மறுபடியும் கிடைக்காது.